கோட்டையைக் காத்தவர், கடனில் கரைந்தவர்: நவாப் வாலாஜாஹ் முஹம்மது அலீ கான்

 

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

திருச்சி மாநகரில் தப்லே ஆலம் நத்ஹர் வலி (ரஹ்) அவர்களின் தர்காவைக் கடந்து செல்லாதவர் நம்மில் எவரும் இரார். ஆனால் அவ்வளாகத்தில் இரு அரசியல் தலைவர்களும் அடங்கியிருக்கிறார்கள் என்பதை அறிந்தோர் சிலரே. ஒருவர் சந்தா சாகிப். மற்றவர் ஆர்க்காட்டு நவாப் வாலாஜாஹ் முஹம்மது அலீ கான். இவ்விருவரும் உயிரோடிருந்த காலத்தில் ஒரே கோட்டைக்காகவும் ஒரே பதவிக்காகவும் படை திரட்டிப் போரிட்டவர்கள். இன்றோ ஒரே மண்ணில், சில அடிகள் இடைவெளியில் மண்ணறை வாழ்வில் இருக்கிறார்கள்.

இவர்களுள் நவாப் வாலாஜாஹ் அவர்களின் வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் எழுத எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சோதனைகள் சூழ்ந்தபோது ஒரு மனிதர் எவ்வாறு தாக்குப்பிடித்தார் என்பதற்கும், அச்சோதனையிலிருந்து மீளும் அவசரத்தில் அவர் செய்த சில காரியங்கள் பின்னர் எவ்வாறு அவரையே சூழ்ந்துகொண்டன என்பதற்கும் அவரது வாழ்வு ஒருங்கே சாட்சியாக நிற்கிறது.

தந்தையை இழந்த நாள்

முஹம்மது அலீ அவர்களின் தந்தை அன்வருத்தீன் கான், ஹைதராபாத் நிஜாமுல் முல்க் அவர்களால் 1744இல் கர்நாடகத்தின் நவாபாக நியமிக்கப்பட்டவர். முந்தைய நவாப் குடும்பத்தின் மருமகனான சந்தா சாகிப் அப்போது மராட்டியரின் சிறையில் இருந்தார். அவர் திருச்சிக் கோட்டையை ஆண்டுகொண்டிருந்தபோது மராட்டியர் அதனை முற்றுகையிட்டு, 1741இல் கைப்பற்றி, அவரைச் சிறைபிடித்துச் சென்றிருந்தனர். ஏறத்தாழ ஏழாண்டுகளுக்குப் பின் 1748இல் விடுதலையான சந்தா சாகிப், பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு இழந்த உரிமையை மீட்கப் புறப்பட்டார்.

1749ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் (ஹிஜ்ரி 1162) ஆம்பூருக்கு அருகில் நடந்த போரில் முதியவரான அன்வருத்தீன் கான் களத்திலேயே உயிரிழந்தார். மூத்த மகன் மஹ்பூஸ் கான் சிறைப்பட்டார். ஒரே நாளில் தந்தையும் தலைநகரும் ஆட்சியும் கைவிட்டுப் போயின. எஞ்சிய சிலரோடு தெற்கு நோக்கி விரைந்த முஹம்மது அலீ அவர்களுக்குப் புகலிடமாக அமைந்தது திருச்சிக் கோட்டை.

அக்காலத் திருச்சிக் கோட்டையை இன்றைய தலைமுறை கற்பனை செய்வது கடினம். மலைக்கோட்டையை நடுவில் வைத்து, ஊரைச் சுற்றி இரட்டை மதிலும் வெளியே அகழியும் அமைந்திருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்மதில்கள் இடிக்கப்பட்டு அகழியும் தூர்க்கப்பட்டுவிட்டது. மெயின்கார்டு கேட் என்று நாம் அன்றாடம் சொல்லும் வாசல்தான் அக்கோட்டையின் மிச்சம்.

முற்றுகையில் பொறுமை

1751ஆம் ஆண்டில் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் திருச்சியைச் சூழ்ந்துகொண்டனர். கர்நாடகத்தின் பெரும்பகுதி அவர்கள் கையில் இருந்தது. முஹம்மது அலீ அவர்களிடம் எஞ்சியது இந்த ஒரு கோட்டையும், ஊதியம் பாக்கி நின்ற ஒரு படையும், நம்பிக்கை குறைந்த சில நண்பர்களுமே.

இந்நிலையில் அவர் கையாண்ட வழி கவனிக்கத்தக்கது. களத்தில் முன்னின்று வாள் வீசும் வீரர் என்று அவரை எவரும் வருணித்ததில்லை. ஆனால் காத்திருக்கும் ஆற்றல் அவரிடம் இருந்தது. எதிரியோடு பேச்சுவார்த்தை நடத்துவது போலக் காலத்தை நீட்டித்துக்கொண்டே, மறுபுறம் உதவி வேண்டித் தூது அனுப்பினார். புதுக்கோட்டைத் தொண்டைமான், தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங், குத்தியின் முராரி ராவ், மைசூரின் நஞ்சராஜா, சென்னையின் ஆங்கிலக் கம்பெனி என எல்லாத் திசைகளிலும் கடிதங்கள் சென்றன. தந்தையை இழந்த துயரும் எதிரியின் பீரங்கியும் அவரைக் கோட்டைக் கதவைத் திறக்கச் செய்யவில்லை.

அவ்வாண்டின் பிற்பகுதியில் ராபர்ட் கிளைவ் சுமார் ஐந்நூறு பேரோடு ஆர்க்காட்டைக் கைப்பற்றினார். திருச்சியை நெருக்கிக்கொண்டிருந்த படையில் ஒரு பகுதியைச் சந்தா சாகிப் தம் மகன் ரஸா சாகிபின் தலைமையில் அங்கே அனுப்ப நேரிட்டது. ஐம்பது நாள் முற்றுகைக்குப் பின்னும் ஆர்க்காடு வீழவில்லை. திருச்சியின் மீதிருந்த பிடி தளர்ந்தது.

திருவரங்கத்தில் முடிந்த போர்

1752ஆம் ஆண்டு மார்ச் மாதம் மேஜர் லாரன்சும் கிளைவும் படையோடு திருச்சி வந்து சேர்ந்தனர். பிரெஞ்சுத் தளபதி லா, காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் தீவுக்குப் பின்வாங்கினார். சந்தா சாகிபும் உடன் சென்றார். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட அத்தீவும், ஏழு திருச்சுற்று மதில்கள் கொண்ட அரங்கநாதர் கோயிலும் அவர்களுக்கு அரணாகத் தோன்றின. ஆனால் வடகரையில் சமயபுரத்தை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டதும் அரணே சிறையானது. ஓராண்டாகத் திருச்சியைப் பட்டினியிட முயன்றவர்கள் இப்போது தாமே உணவின்றித் தவித்தனர்.

ஜூன் மாதம் படைகள் கலைந்தன. தஞ்சைத் தளபதி மானோஜியின் வாக்கை நம்பி அவரிடம் அடைக்கலம் புகுந்த சந்தா சாகிப் தலை வெட்டப்பட்டு மாண்டார். அத்தலை திருச்சிக்குக் கொண்டுவரப்பட்டு மக்கள் பார்க்கக் கோட்டையைச் சுற்றிக் காட்டப்பட்டது. அடைக்கலம் கேட்டவருக்கு நேர்ந்த அக்கொடுமை, மானோஜியின் கையால் நடந்ததாயினும், வெற்றி பெற்ற நவாபின் பெயரிலும் ஒரு கறையாகவே நிற்கிறது. மார்க்கம் அறிந்தவர்கள் அதனை நியாயப்படுத்த இயலாது.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியையும் நினைவுகூர வேண்டும். லாவின் படை சரணடைந்தபோது கோயிலுக்குள் இருந்த ஆயிரம் ராஜபுத்திர வீரர்கள் வெளியேற மறுத்து, மூன்றாம் சுற்றுக்கு அப்பால் அந்நியப்படை காலடி வைத்தால் உயிர் உள்ளவரை போரிடுவோம் என்று வாளேந்தி நின்றதாக ஆங்கிலேய வரலாற்றாசிரியரான ராபர்ட் ஓர்ம் பதிவு செய்திருக்கிறார். வென்றவர்கள் அந்த உறுதிக்கு மதிப்பளித்து எல்லையோடு நின்றுகொண்டார்கள். அரசர்கள் பதவிக்குப் போரிட்ட காலத்தில் எளிய வீரர்கள் தாம் புனிதமாகக் கருதிய இடத்தைக் காக்க நின்றார்கள். பிற சமயத்தாரின் வழிபாட்டிடத்தை மதிக்கக் கடமைப்பட்ட நாம் அவர்களின் உறுதியைப் போற்றுவதில் தயக்கம் வேண்டியதில்லை.

ஆபத்தில் கொடுத்த வாக்கு

வெற்றி கிடைத்தது, நிம்மதி கிடைக்கவில்லை. முற்றுகையின் நெருக்கடியில் மைசூரின் உதவியைப் பெறுவதற்காக, வெற்றிக்குப் பின் திருச்சியையே தந்துவிடுவதாக முஹம்மது அலீ அவர்கள் நஞ்சராஜாவுக்கு வாக்களித்திருந்தார். அந்த வாக்கு இரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது. போர் முடிந்ததும் நஞ்சராஜா வாக்கை நிறைவேற்றக் கோரினார். நவாபோ திருச்சியைக் கொடுக்க மறுத்தார்.

விளைவு என்ன? நேற்றுவரை துணைநின்ற மைசூர்ப் படை ஸ்ரீரங்கத்திலேயே தங்கி எதிரியானது. முராரி ராவும் பிரெஞ்சுக்காரர்களும் அதனோடு சேர்ந்துகொண்டனர். முதல் முற்றுகையின் காயம் ஆறுவதற்குள் 1753இல் இரண்டாம் முற்றுகை தொடங்கியது. முதலாவது எதிரியால் வந்தது. இரண்டாவது, நிறைவேற்ற முடியாத வாக்கினால் வந்தது.

காலியான களஞ்சியம்

இரண்டாம் முற்றுகையில் திருச்சி மக்கள் பட்ட துன்பமே பெரிது. ஆற்றின் வடகரையிலிருந்தும் மேற்கிலிருந்தும் தானியம் வருவது நின்றது. கோட்டையில் பல மாதங்களுக்குப் போதுமான நெல் இருப்பதாக எல்லோரும் நம்பியிருந்தனர். கோட்டைக் காவலுக்குப் பொறுப்பாயிருந்த காப்டன் டால்டன் இருப்பைக் கணக்கெடுக்கச் சொன்னபோதுதான் உண்மை வெளிப்பட்டது. களஞ்சியத்தின் பொறுப்பை ஏற்றிருந்தவர் நவாபின் மைத்துனர். அவர் நல்ல விலை கிடைத்தபோது நெல்லை ஊராருக்கே விற்றுவிட்டார். பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தார். நிரப்புவதற்குள் எதிரி வந்துவிட்டான்.

அமானிதம் பாழானால் மதிலும் அகழியும் என்ன செய்யும்? ஊர் மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு, குழந்தை குட்டிகளோடு வெளியேறினர். மக்கள் நெருங்கி வாழ்ந்த பெருநகரில் படையினரும் தொழிலாளர் சிலருமே எஞ்சினர். புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டிலிருந்து காட்டு வழியாக வந்த தானிய வண்டிகளே அவர்களைக் காப்பாற்றின. அவ்வண்டிகளுக்கு வழித்துணையாகச் சென்று பெயர் பெற்றவர்தான், பின்னாளில் மதுரையின் கான் சாகிப் என அறியப்பட்ட யூசுப் கான்.

1753 ஜூனில் இன்று ரயில்வே பணிமனை இருக்கும் பொன்மலைக் குன்றின் அருகிலும், செப்டம்பரில் மற்றொரு குன்றின் அருகிலும் பெரும் போர்கள் நடந்தன. நவம்பர் இறுதியில் ஓர் இரவு பிரெஞ்சுப் படை ஏணி வைத்துக் கோட்டை மதிலில் ஏறிவிட்டது. ஓசையின்றி முன்னேறியிருந்தால் ஊர் வீழ்ந்திருக்கும். கைப்பற்றிய பீரங்கிகளை வெற்றி மமதையில் அவர்களே வெடித்ததால் காவலர் விழித்துக்கொண்டனர். ஏறியவர்களில் பெரும்பாலோர் மாண்டனர் அல்லது பிடிபட்டனர். 1754ஆம் ஆண்டின் பிற்பகுதியில் போர் நிறுத்தம் ஏற்பட்டது. மைசூர்ப் படை 1755இல் ஸ்ரீரங்கத்தை விட்டு அகன்றது.

இவ்வாறு ஏறத்தாழ நான்காண்டுகள் ஒரு கோட்டைக்குள் இருந்துகொண்டே முஹம்மது அலீ அவர்கள் தம் உரிமையைக் காத்தார். 1763ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை அவரைக் கர்நாடகத்தின் நவாபாக ஏற்றது. தில்லிப் பேரரசர் ஷா ஆலம் 1765இல் அவருக்கு ஃபர்மான் வழங்கினார். பேரரசர் அளித்த வாலாஜாஹ் என்ற பட்டமே அவரது பெயராக நிலைத்தது.

கடன் என்னும் மூன்றாம் முற்றுகை

கதை இங்கே முடிந்திருந்தால் அது வெற்றியின் கதை. ஆனால் முற்றுகைக் காலத்தில் உதவிக்கு வந்த கம்பெனி, தன் படைச்செலவு முழுவதையும் நவாபின் கணக்கில் எழுதியது. புதுச்சேரியை வீழ்த்திய செலவும், கான் சாகிபை மதுரையில் ஒடுக்கிய செலவும் பின்னர் அக்கணக்கிலேயே ஏறின. அதனைத் தீர்க்க நவாப் வேறிடத்தில் கடன் வாங்கினார். கொடுத்தவர்கள் யார்? அதே கம்பெனியின் ஊழியர்கள்! பகலில் கம்பெனிக்காகப் பாக்கியைக் கேட்டவர்கள், மாலையில் தம் சொந்தப் பணத்தை வட்டிக்குக் கொடுத்தார்கள்.

ஆண்டுக்கு நூற்றுக்கு முப்பதுக்கும் மேலாக வட்டி பேசப்பட்ட காலமும் உண்டு. 1767இல் பழைய கடன்களை ஒன்றுதிரட்டி வட்டியை நூற்றுக்குப் பத்தாகக் குறைத்தனர். குறைந்த வட்டி என்ற நிம்மதியில் கடன் மேலும் வளர்ந்தது. 1777இல் மீண்டும் ஒரு தொகுப்பு எழுந்தது. கடனுக்கு ஈடாக மாவட்டங்களின் நிலவரி எழுதிக் கொடுக்கப்பட்டது. கடன் கொடுத்தவர்களின் ஆட்கள் ஊர்களுக்குள் இறங்கி வரி வசூலித்தனர். நவாப் சென்னை சேப்பாக்கம் அரண்மனையில் இருந்தார். அவர் வாங்கிய கடனின் சுமையை, அவரை நேரில் கண்டிராத உழவன் சுமந்தான்.

கடனைத் தீர்க்கப் பிறர் நாட்டின் மீது கை வைக்கும் நிலையும் வந்தது. முற்றுகைக் காலத்தில் தமக்கு உதவிய தஞ்சையை 1773இல் கம்பெனிப் படையைக் கொண்டு நவாப் கைப்பற்றினார். 1776இல் அதனை மன்னர் துளஜாவிடம் திருப்பிக் கொடுக்க நேர்ந்தபோது, பால் பென்பீல்டு என்னும் கம்பெனி ஊழியர் தஞ்சையின் விளைச்சல் தமக்கு ஈடாக எழுதப்பட்டது என்று உரிமை கோரினார். அதனால் எழுந்த சண்டையில் சென்னை ஆளுநர் பிகட் பிரபுவையே அவரது சபையினர் கைது செய்தனர். 1777இல் காவலிலேயே அவர் இறந்தார். ஒருவர் வாங்கிய கடன் எத்தனை பேரை விழுங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பு வந்தது. வயல்கள் பாழாயின, பஞ்சம் பரவியது. வருமானம் நின்றது, வட்டி நிற்கவில்லை. 1781இல் நாட்டின் வருவாயைக் கம்பெனியிடமே ஒப்படைக்க வேண்டியதாயிற்று. 1785இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இக்கடன்களின் மோசடியை விரிவாக எடுத்துரைத்தும் அவை செல்லத்தக்கவை என்றே அரசு முடிவு செய்தது. பிற்காலத்தில் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு, நவாபின் மீது கோரப்பட்ட கடன்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தது. அவற்றில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையானதாகத் தேறவில்லை. படித்துப் பாராமலும் கணக்கு வைக்காமலும் முத்திரையிட்ட பத்திரங்களின் கதி அது.

இறுதி நாள்கள்

அவரிடம் நற்செயல்கள் இல்லாமல் இல்லை. லக்னோ பிரங்கி மஹல் குடும்பத்தின் மாமேதை பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்) அவர்களைச் சென்னைக்கு அழைத்து மார்க்கக் கல்விக்கு இடமளித்தார். திருவல்லிக்கேணியின் வாலாஜாஹ் பெரிய பள்ளிவாசல் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. தமக்குப் புகலளித்த திருச்சியை நத்ஹர் வலி (ரஹ்) அவர்களின் நினைவாக நத்ஹர் நகர் என்று அழைத்தார்.

1795ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் (ஹிஜ்ரி 1210) சென்னையில் அவர் வபாத்தானார். உடல் திருச்சியில் நத்ஹர் வலி (ரஹ்) அவர்களின் அருகில் அடக்கம் செய்யப்பட்டது. ஆறு ஆண்டுகள் கழிந்து 1801இல், திப்பு சுல்தானோடு இரகசியத் தொடர்பு வைத்திருந்தார்கள் என்ற குற்றச்சாட்டைக் காட்டிக் கம்பெனி கர்நாடகத்தை எடுத்துக்கொண்டது. நவாபின் வாரிசுகளுக்குப் பட்டமும் மானியமும் மிஞ்சின. பீரங்கிகளால் எடுக்க முடியாத நாட்டைப் பத்திரங்கள் முன்னரே பலவீனமாக்கியிருந்தன.

நமக்கான படிப்பினை

அன்பர்களே! நம் பெரியவர்கள் 1977ஆம் ஆண்டின் வெள்ளத்தைப் பார்த்தவர்கள். நாம் 2005ஆம் ஆண்டின் வெள்ளத்தையும் 2020ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்கையும் கண்டோம். தண்ணீர் வடிந்தது, ஊரடங்கும் நீங்கியது. ஆனால் அந்நாள்களில் வட்டிக்கு வாங்கிய கடன் பல வீடுகளில் இன்னும் வடியவில்லை. மருத்துவச் செலவுக்கும் மகளின் திருமணத்திற்கும் வெளிநாட்டு விசாவுக்கும் நகையையும் வீட்டுப் பத்திரத்தையும் ஈடு வைத்தவர்கள், இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளியின் தூணோரம் தயங்கி நின்று துஆ கேட்கிறார்கள். அவர்களைக் குறை கூறும் தகுதி நமக்கில்லை. அந்த இக்கட்டான நாளில் அவர்கள் நம்மிடம் வராமல் வட்டிக்காரரிடம் ஏன் சென்றார்கள் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடனின் பாரத்திலிருந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையில் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள் என்பதை நாம் அறிவோம். வட்டி ஹராம் என்பதையும் அறிவோம். அறிந்தால் மட்டும் போதாது. ஆபத்து வரும்போது செல்வதற்கு ஹலாலான வாசல் ஒன்று திறந்திருக்க வேண்டும். வட்டியில்லா அழகிய கடன் வழங்கும் பைத்துல் மாலே அந்த வாசல். அதனை நிரப்புவது வசதி படைத்தோரின் கடமை. பெற்றவர் தவணை தவறாமல் திருப்புவது அடுத்த சகோதரரின் உரிமை.

இவ்வறிக்கையில் வரவு செலவுக் கணக்கு அச்சிடப்பட்டிருக்கும் பக்கங்களைப் புரட்டாமல் விட்டுவிடாதீர்கள். ஐயம் இருந்தால் நிர்வாகிகளிடம் கேளுங்கள். கணக்குக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது. திருச்சிக் கோட்டையில் களஞ்சியத்தின் கணக்கை ஒருவர் முன்னரே கேட்டிருந்தால் ஒரு நகரமே வீடு துறந்திருக்காது.

சோதனையில் பொறுமை காக்க நவாப் வாலாஜாஹ் அவர்களிடம் கற்றுக்கொள்வோம். அச்சோதனையின் நடுவே வாக்குக் கொடுக்கும்போதும் கையொப்பமிடும்போதும் அவருக்கு நேர்ந்ததை நினைவில் கொள்வோம். அடுத்த முறை அத்தர்காவைக் கடக்கும்போது இருவரின் மஃபிரத்துக்காகவும் ஒரு துஆ செய்வோம். இப்போது அவர்களுக்குத் தேவைப்படுவது அது ஒன்றே.

வல்ல நாயன் நம் அனைவரையும் ஆபத்துகளிலிருந்தும் கடனின் சுமையிலிருந்தும் காத்தருள்வானாக! நம் ஜமாஅத்தை ஒருவருக்கொருவர் தோள் கொடுக்கும் ஜமாஅத்தாக ஆக்கியருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.